நைனாவை எழுப்பக் கூடாது

எங்கள் லைன் வீடுகளில் எந்தப் பிள்ளைக்காவது காலையில் கண்ணிமை தடித்திருந்தால் இப்போதும் என்னிடம்தான் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். நான் டாக்டர் இல்லை. கம்பி இழுக்கும் கம்பெனியில் உலைக்கு முன்னால் இடுக்கி பிடித்து நிற்பவன். என் மகள் பூங்காவனத்துக்கு வந்த வியாதியை ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் வருகிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் சட்டென்று நம்புகிறவன் இல்லை. பெற்ற தாய் பால் கொடுத்தாலும் இதில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்கிற ஆள் என்று என் மனைவி லோகா சொல்வாள். அது பொய்யில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கிய எழுபதுகளில், ஏர் பிடித்த கையோடு உள்ளே போனவர்கள் நாங்கள். மேஸ்திரி ஒன்று சொல்வான், கேட்டில் நிற்பவன் வேறொன்று சொல்வான், சனிக்கிழமை கூலி வாங்கும்போது மூன்றாவதாக ஒன்று நடக்கும். அங்கே ஏமாறாமல் இருந்தவனுக்கு என் புத்தி வந்தே தீரும்.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அப்போது நைட் ஷிப்டுதான். பகல் ஷிப்டு பர்மனென்ட் ஆட்களுக்கு. சாயங்காலம் போனால் விடிந்து வருவேன். குளித்து, கஞ்சி குடித்து, படுத்தால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பேன். ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. எங்கள் லைனில் ஒரு பழக்கம் இருந்தது. நைட் ஷிப்டு ஆள் தூங்குகிற வீட்டின் வாசலில் வாளியைக் கவிழ்த்து வைப்பார்கள். கவிழ்ந்த வாளியைக் கண்டால் மீன்காரி கூவமாட்டாள், பெண்கள் குடத்தைச் சத்தமில்லாமல் இறக்குவார்கள். வீட்டுக்குள் இருக்கிற பிள்ளைக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே உதட்டில் விரல் வைக்கத் தெரிந்துவிடும். பசித்தால் வயிற்றைத் தொட்டுக் காட்டும், தாகம் என்றால் கட்டைவிரலைக் காட்டும். உலைக்கு முன் நிற்பவன் கண் செருகினால் சிவந்த கம்பி காலைச் சுற்றிக்கொள்ளும். இரண்டு லைன் தள்ளி ஒருவனுக்கு அப்படி ஆயிற்று. அதனால் தூக்கம் என்பது எங்கள் லைனில் சாமி மாதிரி.

பூங்காவனத்துக்கு அப்போது நான்கு வயது. அவள் வாயைத் திறந்து நான் அதிகம் கேட்டதில்லை. அதில் எனக்குப் பெருமைதான். என் பெண் இருக்கிற இடம் தெரியாது என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வேன்.

அந்த மழைக்காலத்தில் அவள் காலெல்லாம் சிரங்கு. லோகா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். சிரங்கு வாடுகிற நேரத்தில் ஒரு காலை நான் வீட்டுக்கு வந்தபோது பிள்ளையின் முகம் ஊதியிருந்தது. கண் இரண்டும் கீறல் போல இருந்தன. ரேஷன் கோதுமையில் ஏதோ கலந்திருக்கிறான் என்று முதலில் சந்தேகப்பட்டேன். அடுத்த வீட்டுக்காரி கண் வைத்துவிட்டாள் என்று லோகா சந்தேகப்பட்டாள். அப்புறம் பிள்ளை ஒன்றுக்கு இருந்ததை லோகா என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள். பால் ஊற்றாத டீ போல இருந்தது. கடைத்தெரு டாக்டர் பார்த்துவிட்டு, இங்கே வைத்துப் பார்க்கிற கேஸ் இல்லை, மெட்ராஸுக்குக் கொண்டுபோ என்றார்.

லோகா அப்போது பிள்ளை பெற்று எழுந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. கைக்குழந்தையை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் நான்தான் போக வேண்டும். ரயிலில் மீஞ்சூர் தாண்டும்வரை பூங்காவனம் என் மடியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாடு, ஏரி, கொக்கு எல்லாவற்றையும் விரலால் காட்டினாள். ஒரு வார்த்தை இல்லை. எதிர் சீட்டுக்காரர், "கொயந்த சமத்தா கீதே," என்றார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்ததைச் சொல்லி முடியாது. ஒரு வரிசையில் நின்றால் அது வேறு வரிசை. நமக்குப் பின்னால் வந்தவன் உள்ளே போய்விட்டு வெளியே வருவான். அவனுக்கு உள்ளே யாரையோ தெரியும் என்று எனக்குத் தோன்றும். பிறகு அவன் பிள்ளைக்கு மூச்சு வாங்குவது தெரிந்து வாயை மூடிக்கொண்டேன்.

பூங்காவனத்தின் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார்கள். கைமாற்றிவிடுவார்களோ என்று நான் பக்கத்திலேயே நின்றேன். சூடு ஏற ஏற, வெந்த முட்டையின் வெள்ளைபோலக் குழாய்க்குள் திரண்டது. டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னார். இடுப்புக்குப் பின்னால் இரண்டு சிறுநீரகம் இருக்கிறது. அது ரத்தத்தை வடிகட்டுகிற வேலையைச் செய்கிறது. சிரங்கில் இருந்த கிருமியோடு உடம்பு சண்டை போட்டதில் அந்த வடிகட்டி புண்ணாகிவிட்டது. உடம்பில் நிற்க வேண்டிய சத்து வெளியே போகிறது, வெளியே போக வேண்டிய நீர் உடம்பில் நிற்கிறது. அதுதான் வீக்கம், ரத்தம் கலந்து வருவதுதான் டீ நிறம்.

"பெரும்பாலும் முழுசா குணமாயிடும், பயப்படாதீங்க," என்றார். "ஆனா உப்பே கூடாது. தண்ணி நாங்க சொல்ற அளவுதான். எழுந்து ஓடக் கூடாது. ரத்த அழுத்தம் ஏறுற வியாதி இது. திடீர்னு ஏறிச்சுன்னா வலிப்பு வந்துடும். அதுக்கு முன்னாடி தலை வலிக்கும், கண்ணு மங்கும். குழந்தை தலை வலிக்குதுன்னு சொன்னா, அந்த நிமிஷமே எங்ககிட்ட வரணும். நாங்க நாள் முழுக்க இங்கயே நிக்க முடியாது. கூட இருக்குறவர்தான் காது குடுத்துக் கேக்கணும்."

பிறகு பூங்காவனத்திடம் குனிந்து, "கண்ணு, ஒனக்கு எங்க வலிக்குது? டாக்டர்கிட்ட சொல்லு," என்றார்.

பூங்காவனம் என்னைப் பார்த்தாள். பிறகு உதட்டில் விரல் வைத்தாள்.

"பேசுவாளா?"

"பேசும்," என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, என்ன பேசுவாள், எப்படிப் பேசுவாள் என்று கேட்டிருந்தால் எனக்குப் பதில் இல்லை. டாக்டரம்மா பின்னால் போய்க் கையைத் தட்டினார். பிள்ளை திரும்பினாள். காது நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு கூட இருந்த சின்ன டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிக்கொண்டே எழுதினார். மூளை இல்லாத பிள்ளை என்று எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன். லோகாவின் மேலும் சந்தேகம் வந்தது. பிள்ளை ஊமை என்பதை இத்தனை நாள் மறைத்திருக்கிறாளோ? நல்ல பெண் என்று நான் பீற்றிக்கொண்டபோதெல்லாம் அவள் பதில் சொல்லாமல் சிரித்ததற்கு அர்த்தம் இதுதானோ? ஊமைப் பிள்ளைக்குத் தலை வலித்தால் எனக்கு எப்படித் தெரியும்?

பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெண் குழந்தை. அதன் தாய் அஞ்சலை, பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்துக்காரி. புருஷன் ஏரியில் வலை போடுகிறவன். அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை. நர்ஸ், ஆயா, ஊசி, மின்விசிறி எல்லாவற்றோடும் பேசுவாள். ராத்திரியில் ஆண்களுக்கு வார்டில் இடமில்லை. வராந்தாவில்தான் படுக்க வேண்டும். அந்த நேரத்தில் பூங்காவனத்தைப் பார்த்துக்கொள்வதாக அவளே சொன்னாள். கேட்காமலே உதவுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இவளுக்கு என்ன வேண்டும் என்று யோசித்துக்கொண்டே படுப்பேன்.

சில நாளில் வீக்கம் இறங்க வேண்டும் என்றார்கள். இறங்கவில்லை. ரவுண்டுக்கு வந்த டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காற்று அடித்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"யாரோ உப்பு குடுக்கறாங்க," என்றார்.

எனக்கு யார் என்று உடனே தெரிந்துவிட்டது. அஞ்சலையின் கூடையில் கருவாட்டு வாசனை வரும். அவள் மகளுக்குச் சோற்றோடு கருவாடு உண்டு. பூங்காவனம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அஞ்சலையிடம் போய், "யம்மா, எம் பொண்ணுக்கு எதுனா குடுத்தியா?" என்று கேட்டேன்.

"இன்னாண்ணே, நான் இன்னா கொலகாரியா?" என்றாள். "டாக்டரம்மா சொன்னது எனக்குந்தான் காதுல உயுந்துச்சி. அது கேட்டாக்கூட குடுக்க மாட்டேன். அதுவும் கேக்காது. கெட்டிக்காரப் பொண்ணு. இன்னா பேச்சு பேசுது, யம்மாடி."

பேச்சா? என் மகளா? ஊமைப் பிள்ளையை வைத்து என்னைக் கேலி செய்கிறாள் என்று ரத்தம் கொதித்தது. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, "கம்பெனி ஆள் ஒர்த்தன் வெளிய வந்துகீறான், பாத்துட்டு வந்துடறேன்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாசல் வழியாகப் போய், வராந்தாவைச் சுற்றி வந்து, என் மகளின் கட்டிலுக்குப் பின்னால் இருந்த ஜன்னலுக்கு அடியில் குந்தினேன்.

முதலில் ஒரு குரல் கேட்டது. கொஞ்சம் கரகரப்பான, கணீர் என்ற குரல். வேறு ஏதோ குழந்தை என்று நினைத்தேன்.

"நைனா சொக்கா போட்டுக்கினு போயிடுச்சி. இப்ப பேசலாம்."

"ஏங்கண்ணு, நைனா இருந்தா பேசக் கூடாதா?" இது அஞ்சலை.

"பேசக் கூடாது. நைனாவுக்குத் தூக்கம் கெட்டுடும். தூக்கம் கெட்டா நெருப்புப் பாம்பு கடிச்சிடும்."

"இப்ப நைனா முயிச்சிக்கினுதானே கீது?"

அது அவளுக்கே புதிய சங்கதி போலிருக்கிறது. பிறகு சொன்னாள். "நைனா முயிச்சா சொக்கா போட்டுக்கினு வேலைக்குப் போயிடும். சொக்கா போடலன்னா தூங்குதுன்னு அர்த்தம்."

நான் பனியனோடுதான் அவள் கட்டிலருகே அத்தனை நாளும் உட்கார்ந்திருந்தேன். வியர்வைக்காகச் சட்டையைக் கழற்றி வைத்திருந்தேன்.

அவள் விடவில்லை. அஞ்சலையின் மகளுக்கு ரயில் கதை சொன்னாள். மாடு எங்கே போகிறது, கொக்கு ஏன் மாட்டின் மேல் உட்காருகிறது, ஏரியில் தண்ணீர் தீர்ந்தால் மீன் யார் வீட்டுக்குப் போகும் என்று கேட்டுக் கேட்டுச் சொன்னாள். ரயிலில் என் மடியில் உட்கார்ந்து அவள் விரல் நீட்டியதெல்லாம் வார்த்தையாக வந்தது. நான் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். நான்கு வருஷம் ஒரே அறையில் இருந்த பெண்ணின் குரலை ஒரு ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்து கேட்கிறேன். அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

அப்புறம்தான் அவள் அதைச் சொன்னாள். "உப்பு துன்னா மூஞ்சி ஊதும். ரொட்டியிலகூட உப்பு கீதாம், நர்ஸக்கா எதிர்க்கட்டில் அம்மாகிட்ட சொல்லிச்சி. நைனா தெனம் ரொட்டி வாங்கியாருது."

"அய்யய்யே. வேணாம்னு சொல்றதுதானே?"

"எப்டி சொல்றது? நைனா கீதே."

உப்புப் போடாத ஆஸ்பத்திரிச் சோற்றைப் பிள்ளை துப்பியதால், வாசல் கடையில் ரொட்டி வாங்கி நான்தான் ஊட்டிக்கொண்டிருந்தேன். ரொட்டியில் உப்பு போடுவார்கள் என்று யார் கண்டது? வார்டில் இருந்த அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன். என் கையில் இருந்த பொட்டலத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. அஞ்சலையிடம் போய் நின்றபோது அவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "கேட்டுக்கினுதான் இருந்தியாண்ணே?" என்றாள்.

டாக்டரம்மாவிடம் ரொட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நல்ல வேளை, சொன்னீங்க. ஆனா அழுத்தம் இன்னும் இறங்கல. அடுத்த சில நாள்தான் ஜாக்கிரதையா இருக்கணும். தலைவலியைப் பத்திக் குழந்தைதான் சொல்லணும், மறக்காதீங்க," என்றார்.

பிள்ளையை அஞ்சலையிடம் விட்டுவிட்டு, மாற்றுத் துணி எடுக்க அன்று மத்தியானம் ஊருக்குப் போய் வந்தேன். வீட்டு வாசலில் பழக்கத்தில் வாளி கவிழ்ந்தே கிடந்தது. நான் லோகாவிடம் கத்தவில்லை. நேராகக் கேட்டேன். "பொண்ணு பேசுதுன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இன்னாத்த சொல்றது? பொண்ணு பேசுறது ஒரு சேதியா?" கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டினாள். "நீ கேட்டைத் தாண்டுறதுக்குள்ள ஆரம்பிச்சிடும். அரிசி பொறுக்கினா, இது கல்லா அரிசியாம்பேன். இது கல்லு, இது அரிசி, இது கல்லுக்கும் அரிசிக்கும் பொறந்ததுன்னு சொல்லும். ரயிலு போனா, அதுல யார் போறான்னு கேக்கும். நான் ஒண்ணு சொல்லுவேன், அது ஒண்ணு சொல்லும். தூங்குற வரைக்கும் அதே பேஜாரு."

"என்னப் பத்தி இன்னா சொல்லி வெச்சிருக்கே? நெருப்புப் பாம்புங்குது."

"நைனா ராத்திரில இன்னா செய்யுதுன்னு கேட்டுச்சி. எனக்கு இன்னா தெரியும்? நீ எங்கிட்ட சொல்லிக்கீறியா? நெருப்பு பாம்பு மாரி வரும், நைனா அத்தப் புடிக்கும்னேன்." குரல் இறங்கியது. "தெனம் உன்னப் பத்திதான் பேசினு இருப்போம். வேற இன்னா கீது எங்களுக்கு?"

அவள் சொல்வது நிஜமா, என்னைச் சமாதானப்படுத்தவா என்று அப்போதும் எனக்குள் ஒன்று கேட்டது. ரயிலில் வரும்போதுதான் அது அடங்கியது.

திரும்பி வந்ததும் சட்டையைக் கழற்றாமல் கட்டிலருகே உட்கார்ந்தேன். பேச வைத்துவிட வேண்டும் என்று வெறி. "பேரு இன்னா? ஊடு எங்க கீது? காலையில இன்னா துன்னே? யாரு குடுத்தா?" என்று கேட்டேன். பூங்காவனம் தலையணைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"போலீஸ் ஸ்டேஷனாண்ணே இது?" என்றாள் அஞ்சலை. "கேள்வி கேட்டா வாயில பதிலு வரும், பேச்சு வராது. உன் சமாச்சாரத்த நீ சொல்லேன்."

என் சமாச்சாரம் என்ன இருக்கிறது? உலைதான். அதையே சொன்னேன். இரும்புக்கட்டை உலையில் கிடந்து பழுத்துப்போவது, உருளைகளுக்கு நடுவில் விட்டால் மெலிந்து நீண்டு மறுபக்கம் சீறிக்கொண்டு வருவது, நான் இடுக்கியால் தலையைக் கவ்வி அடுத்த உருளைக்குள் திருப்பிவிடுவது. எனக்கும் கம்பெனியைப் பற்றி யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. நடுவில் மேஸ்திரியைத் திட்டவும் செய்தேன். தலையணைக்குள் இருந்து ஒரு கண் வெளியே வந்தது.

"கை சுடாதா?"

எனக்கு அவள் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. நான் பெரிதாக எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் பழையபடி மூடிவிடுவாளோ என்ற பயம். "சுடும். இதோ பாரு," என்று முழங்கைத் தழும்பைக் காட்டினேன். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, "அழுதியா?" என்றாள். இல்லை என்றேன். "பொய்யி," என்றாள். என் பெண்தான், சந்தேகமே இல்லை.

அதன் பிறகு பேச்சு வந்தது. ஆனால் நான் கண்ணை மூடினால் போதும், பழைய சட்டம் திரும்பிவிடும். ஒரு தடவை உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து விழித்தபோது, அவள் ஒரு கையால் எனக்கு ஈ ஓட்டிக்கொண்டு, மறு கையால் அஞ்சலையை உஷ் என்று அடக்கிக்கொண்டிருந்தாள். இவளுக்குத் தலை வலித்தாலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள்.

அதனால் ஒரு விளையாட்டு வைத்தேன். நான் தூங்குவது போலக் கிடப்பேன், அவள் எழுப்ப வேண்டும். முதலில் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "கடிச்சிடும்," என்றாள். இங்கே உலை இல்லை, பாம்பு கம்பெனியில்தான் இருக்கிறது, டிக்கெட் இல்லாமல் ரயிலில் அதை ஏற்றமாட்டார்கள் என்றேன். அதை நெடுநேரம் யோசித்தாள். பிறகு ஒரு விரலால் என் தோளைத் தொட்டாள். நான் எழவில்லை. "நைனா," என்று மூச்சு விட்டாள். எழவில்லை. கடைசியில் என் காதைப் பிடித்து இழுத்து, "எந்திரி நைனா," என்று கத்தினாள். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது, நர்ஸ் வந்து என்னை வைதாள். பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதையே பலமுறை செய்தோம்.

ரொட்டியை நிறுத்திய பிறகு இமை கொஞ்சம் வற்றியது. நான் தைரியமாக இருந்த ஒரு மத்தியானம், அஞ்சலை மகளை எக்ஸ்ரேவுக்குத் தூக்கிப் போயிருந்தாள். நர்ஸ்கள் மறுகோடியில் இருந்தார்கள். வராந்தாவில் கொசுக்கடியில் படுத்த உடம்பு. கட்டில் சட்டத்தில் தலை சாய்ந்ததுதான் தெரியும்.

காதை யாரோ இழுத்தார்கள். விளையாட்டு என்று கையைத் தட்டிவிட்டேன். மறுபடி இழுத்தார்கள்.

"நைனா, எந்திரி. நிஜமாத்தான். தலைக்குள்ள இடிக்குது."

கண்ணைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் பார்வை என் முகத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ இருந்தது.

"நைனா, எங்க கீற? உன் மூஞ்சி தெரியல."

வார்டின் கோடிவரை ஓடினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. நர்ஸ் வந்து பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு அவளும் ஓடினாள். டாக்டரம்மா வந்தார். ஊசி போட்டார்கள், திரை இழுத்தார்கள், என்னை வெளியே தள்ளினார்கள். பிள்ளையைக் கொன்றுவிட்டுப் பிறகு சொல்வார்கள் என்று திரைத்துணியின் கீழ் விளிம்பில் அவர்களுடைய கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன். அஞ்சலை திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் அப்போது பேசவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தார். "அழுத்தம் இறங்குது. வலிப்பு வர்றதுக்கு முன்னாடி பிடிச்சிட்டோம். நீங்க கவனிச்சீங்களா?"

"நான் தூங்கிக்கினு இருந்தேங்க," என்றேன். "அதுதான் எழுப்பிச்சி."

அவருக்கு அது ஒரு சாதாரண பதிலாகத்தான் பட்டிருக்கும். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அதன் பிறகு நாளுக்கு நாள் மூத்திரம் தெளிந்தது. குழாயில் திரள்வது குறைந்து, ஒரு காலை வெறும் தண்ணீர் போலவே கொதித்தது. அன்று நானே ஸ்பிரிட் விளக்கின் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவர்கள் பேச்சை மட்டும் நம்பிவிட முடியாதே. வீட்டுக்கு அனுப்பும்போது அஞ்சலை பூங்காவனத்தின் கன்னத்தைக் கிள்ளி, "உங்க நைனாவுக்குப் பேசக் கத்துக் குடு," என்றாள். அவளுக்கு என்னிடம் என்ன வேண்டியிருந்தது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் வேண்டியிருக்கவில்லை போலும்.

முகம் ஊதிய பிள்ளையோடு என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் மூத்திரத்தின் நிறத்தைக் கேட்கிறேன். உப்பை நிறுத்து, ரொட்டியையும் நிறுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறேன். பிறகு, "புள்ள உங்கிட்ட பேசுமா?" என்று அப்பன்காரனைக் கேட்கிறேன். முக்கால்வாசிப் பேர் பொண்டாட்டியின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு நைட் ஷிப்டுதான். பகலில் வாசலில் வாளி கவிழும். பழையபடி உஷ் என்று அடங்கிவிடுமோ என்று நான் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்துதான் படுத்தேன். வந்து கொஞ்ச நாளில், நல்ல உச்சி வேளையில், யாரோ காதைப் பிடித்து இழுத்தார்கள். தூக்கிவாரிப் போட்டு எழுந்தேன்.

"தல வலிக்குதா? கண்ணு மங்குதா?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு எழுப்புன?"

"சொம்மாதான். வாளிய நிமித்தி வெச்சிட்டேன்."

லோகா முறத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டு அரிசி பொறுக்கினாள். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"நீதானே அனுப்புன?" என்றேன்.

"நானா? அங்க கீது உம் பொண்ணு. அத்தக் கேளு."

கேட்டேன். பூங்காவனம் என் பாயில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். சாயங்காலம் கம்பெனிச் சங்கு ஊதும்வரை சொன்னாள். அன்று நான் தூங்காமலேதான் வேலைக்குப் போனேன்.